“இதெல்லாம் எதுக்கு டீச்சர்?”: ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு என்ன பதில் சொல்வது?

வெண்ணாற்றங்கரை டீச்சர்
செப்டம்பர் 24, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது.

காலாண்டு விடைத்தாள் கொடுத்த அன்று ஒரு பையன் எழுந்து கேட்டான்: “மிதப்பு விசை, ஆர்க்கிமிடிஸ் தத்துவம் இதெல்லாம் எதுக்கு டீச்சர்? எங்க அப்பா ஒரு நாளும் இதைக் கேட்டதில்ல. நெல்லு விளையுது, விக்குறோம், சாப்பிடுறோம்.” வகுப்பைச் சிரிக்க வைப்பதற்காகக் கேட்கவில்லை. மதிப்பெண் குறைந்த கோபமும் இல்லை, எழுபத்தெட்டு வாங்கியிருந்தான். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

நான் வாயில் வந்ததைச் சொன்னேன். நல்ல மார்க் எடுத்தால் பதினொன்றில் சயின்ஸ் குரூப் கிடைக்கும், நர்சிங் போகலாம், இன்ஜினியரிங் போகலாம், வேளாண் கல்லூரி போகலாம் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் முகத்தில் ஆர்வம் வடிந்துபோனது. “சரிங்க டீச்சர்” என்று உட்கார்ந்துவிட்டான். அந்தச் “சரி”தான் மூன்று நாளாக என்னை உறுத்துகிறது. அவன் வேலை கிடைக்குமா என்று கேட்கவே இல்லை.

இங்கே பல தொழில் பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். பள்ளியில் படித்த அறிவியல், அல்லது படிக்காமல் விட்ட அறிவியல், உங்கள் கைக்கு எப்போதாவது வந்ததா? பொதுவாக “அறிவியல் அவசியம்” என்று வேண்டாம், அதை நானே சொல்லிச் சலித்துவிட்டேன். நடந்ததைச் சொல்லுங்கள்.

—

தாமரைக்குளம்
செப்டம்பர் 24, இரவு 10.15

பதில் இல்லை டீச்சர், என் கவலையைச் சொல்கிறேன். மூத்தவன் பத்தாவது. காமர்ஸ்தான் எடுப்பேன் என்கிறான். கணக்குப் பதிவியல் பிடித்திருந்தால் சந்தோஷமாகச் சேர்ப்பேன். அவன் சொல்லும் காரணம் வேறு: “சயின்ஸ் எடுத்தா நீட்டு, அது கிடைக்கலன்னா ஒண்ணுமில்லம்மா.” பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அறிவியல் என்றாலே ஒரே ஒரு வாசல், அதுவும் பூட்டிய வாசல். அவன் படிக்கும் பள்ளியில் ஆய்வுக்கூடமும் அப்படித்தான், பார்வையாளர் வரும் நாளில்தான் திறக்கிறார்கள். பியூரெட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். என்ன சொல்லி அவனைத் தேற்றுவது?

—

கடைமடைக்காரன்
செப்டம்பர் 25, காலை 6.05

டீச்சர், அந்தத் தம்பியின் அப்பா கேட்டதில்லையா? விதை நேர்த்தி செய்யும்போது உப்புத் தண்ணீரில் முட்டை போட்டுப் பார்த்திருப்பாரே! வாளியில் தண்ணீர் வைத்து, கோழி முட்டையைப் போட்டால் அடியில் போய் உட்காரும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் முட்டை எழும்பும். மேலே பழைய நாலணா அளவுக்கு ஓடு தெரியும்போது நிறுத்திவிட்டு விதை நெல்லைக் கொட்டுவோம். பதரும் அரைக்கருக்காயும் மிதக்கும், அரித்து எடுத்துவிடலாம். முற்றிய மணி அடியில் தங்கும். அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி ஊறப் போடுவோம். வெறும் தண்ணீரில் போட்டால் அரைகுறை மணியும் மூழ்கிவிடும். உப்பு எதற்கு என்று கேளுங்கள், அவனே பாடத்தைச் சொல்லிவிடுவான்.

இனி என் கதை. எனக்கு வேதாரண்யம் பக்கம். காவிரித் தண்ணீர் எங்களுக்கு வந்தால் வந்தது, இல்லாவிட்டால் மழைதான். பள்ளத்தில் ஒரு போகம் சம்பா, மணல் மேட்டில் தென்னை, மா. 2004 டிசம்பரில் சுனாமித் தண்ணீர் பள்ளத்தில் ஏறி நின்றது. வடிந்த பிறகு வெயிலில் மண் வெள்ளையாகப் பூத்தது. மண் பரிசோதனை செய்து ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் அமில காரத் தன்மைக்கு ஓர் எண், மின்கடத்துத் திறனுக்கு ஓர் எண். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அந்த அட்டையை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். மண்ணுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடக் கூச்சம். பக்கத்து வயல்காரர் மழைத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடியவிட்டார், ஜிப்சம் போட்டார். நான் தொழுவுரம் மட்டும் கொட்டிவிட்டுக் காத்திருந்தேன். அவர் எனக்கு ஒரு வருடம் முன்னால் நெல் அறுத்தார்.

இன்னொன்று. கஜா புயலில், 2018 நவம்பரில், மேட்டில் இருந்த தென்னை முக்கால்வாசி போனது. புதுக் கன்று வைத்தேன். போர்வெல் தண்ணீர் போதவில்லை. ஆழம் போனால் தண்ணீர் கூடும் என்று நம்பி இன்னும் இறக்கினேன். கடன் வாங்கி இறக்கியது. வந்தது உப்பு. ஏன் என்று எனக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

—

பழைய கரும்பலகை
செப்டம்பர் 25, காலை 11.30

கடைமடையாரே, நான் விளக்கிப் பார்க்கிறேன். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன்.

உங்கள் முட்டை வாளியும் உங்கள் போரும் ஒரே கணக்கு. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் கடல் நீருக்கு 1.025. அதனால் மணல் மேட்டுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர், உள்ளே புகுந்திருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, உங்கள் பதர் மிதப்பதுபோல. எவ்வளவு மிதக்கும்? அடர்த்தி வித்தியாசம் 0.025. ஒன்றை அதால் வகுத்தால் 40. அதாவது கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். அதற்குக் கீழே உப்பு. நீங்கள் இறைத்து மேல்மட்டத்தை ஓரடி குறைத்தால் காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி மேலேறும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு ஐரோப்பியர்கள் தனித்தனியாகக் கண்ட கணக்கு இது. நம் கடற்கரையில் இடையிடையே களிமண் அடுக்கு இருப்பதால் எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் மணல் மேட்டில் ஆழப்படுத்தினால் உப்பு வரும் என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

டீச்சர், முப்பத்து நான்கு வருடம் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஆர்வத்தை மட்டும் நம்பாதீர்கள். முட்டை மிதப்பதைக் கண்டு கைதட்டிவிட்டு, சூத்திரம் வந்தவுடன் முகம் திருப்பும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேடிக்கை அரை மணி நேரம். அந்த 0.025-ஐக் கையால் வகுத்து 40 வரும்போதுதான் பிள்ளை அடுத்த படிக்கு ஏறுகிறது. கணக்கை ஒளித்துவைத்துவிட்டு அறிவியலைப் பிடிக்கச் செய்ய முடியாது.

நம் மண்ணிலேயே நடந்த ஒன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அறுப்பு நேரத்து மழையில் நனைந்த நெல் களத்திலேயே முளைத்துப் போவது நமக்குப் பழகிய துயரம். இதற்கு வழி தேடி அறுபதுகளின் கடைசியில் திருவாரூரில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்பிரமணியன் இங்கே வந்து வேலை செய்தார். ஈர நெல்லோடு சாதாரண உப்பும் உமியும் கலந்து வைத்துக் கெடாமல் காப்பாற்றும் முறை அங்கே உருவானது. அந்தக் கூடம்தான் வளர்ந்து இன்று தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் தேசிய நிறுவனமாக நிற்கிறது. வீட்டு உப்பும் ரைஸ் மில் உமியும்! எனக்கு இன்றும் நினைத்தால் சிலிர்க்கும்.

—

பட்டறை
செப்டம்பர் 25, இரவு 8.50

மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் பத்தாம் வகுப்பில் அறிவியலில் தேறாதவன்.

கோடையில் வோல்டேஜ் படுத்துவிடும். அந்த நேரத்தில் ஓட்டிய மோட்டார் எல்லாம் காயில் கருகி என்னிடம் வரும். “வோல்டேஜ் கம்மின்னா கரண்டும் கம்மியாத்தானே போவும், எப்படிக் கருகும்?” என்று விவசாயிகள் கேட்பார்கள். பல்புக்கு அது சரி. மோட்டார் அதே தண்ணீரை அதே உயரத்துக்குத் தூக்க வேண்டியிருப்பதால், வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரை அதிகமாக இழுக்கும். ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டிக் காட்டினேன் அவனுக்கு. 10 இழுக்க வேண்டிய இடத்தில் 13. “முப்பது பர்சண்ட்தானே அண்ணே கூட” என்றான். சூடு அப்படி ஏறாது, ஆம்பியரை அதே எண்ணால் பெருக்கிப் பார் என்றேன். பத்துப் பத்து நூறு, பதின்மூன்று பதின்மூன்று நூற்று அறுபத்தொன்பது. வார்னிஷ் கருகிய வாசனை கடை முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. அவன் அந்த 169-ஐச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தான்.

ஒரு வாரம் கழித்து வந்து, “ஜூல் விதின்னு புக்குல இருந்தது இதுதானா அண்ணே?” என்றான். தனித்தேர்வராக எழுதி அந்தப் பாடத்தைத் தேறிவிட்டான். தேர்வுக்கு முந்தின நாள் என் லேத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தான்.

தாமரைக்குளம் அக்கா, உங்கள் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள். நான் சும்மா காட்டுகிறேன்.

—

கீற்று வெளிச்சம்
செப்டம்பர் 26, இரவு 11.20

நான் பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம். திருவாரூர் மாவட்டம்தான். எல்லோரும் பெரியவர்கள், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்கு எப்போதும் நெல்லையும் மோட்டாரையும் மட்டுமே காட்டாதீர்கள். வயலில் அம்மா நாற்று நட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அறிவியலும் அதே வரப்பில்தான் நிற்கிறது என்று சொன்னால் எனக்குச் சிறு வயதில் பிடித்திருக்காது. அந்தப் பையனுக்கும் அப்படி இருக்கலாம்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம். நான் ஏழாம் வகுப்பு. ஆத்தா தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து உலக்கையை நிறுத்திவிட்டு, யாரும் வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் மாட்டுக் கொட்டகை கீற்று வேய்ந்தது, அங்கங்கே ஓட்டை. தரையில் எப்போதும் வட்ட வட்டமாக வெளிச்சம் விழும். காலை ஒன்பதரை வாக்கில் பார்த்தால் அத்தனை வட்டமும் கதிர் அரிவாளாக மாறியிருந்தது. சாணித் தரை முழுக்க நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி அரிவாள், எல்லாம் ஒரே பக்கம் வளைந்து. மாட்டு முதுகிலும் விழுந்தது. நான் கையை நீட்டினேன், உள்ளங்கையில் ஒன்று.

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. “கீத்துல இருக்கிற ஓட்டை வட்டமாவா இருக்கு, போய்ப் பாரு” என்றார். ஏறிப் பார்த்தேன். ஒன்றுகூட வட்டமாக இல்லை. கோணல் மாணல் ஓட்டை, ஆனால் கீழே விழுவது வட்டம். அப்போதுதான் புரிந்தது. நான் பிறந்ததிலிருந்து மிதித்துக்கொண்டிருந்த அந்த ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம். ஊசித்துளைக் காமிரா பாடத்தில் வந்தபோது எங்கள் கொட்டகைதான் ஞாபகம் வந்தது.

இது எதற்கும் உதவாது. நெல் விலை ஏறாது. எனக்கு இயற்பியல் படிக்க வேண்டும் என்று தோன்றியது அன்றுதான்.

—

பழைய கரும்பலகை
செப்டம்பர் 27, காலை 7.00

மகளே, தவறாக எடுக்க என்ன இருக்கிறது? உங்கள் டீச்சர் பதிலைச் சொல்லாமல் உங்களைக் கூரை மேல் ஏற்றினார் பாருங்கள், அதைத்தான் நான் வருடக்கணக்கில் செய்யத் தவறினேன். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் பதிலை நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயனா, வியப்பா என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். எம்.எஸ். சுவாமிநாதன் 1925-ல் கும்பகோணத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே மருத்துவர். யானைக்கால் நோயை ஒழிக்க ஊர் மக்களைத் திரட்டிக் கொசு வளரும் குட்டைகளை ஒழித்தவர். ஒரு கொசுவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டதால் ஒரு ஊரின் கால் வீக்கம் குறைந்ததை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். அப்புறம் 1943 வங்கப் பஞ்சத்தின் செய்திகள் அவரை வேளாண்மைப் பக்கம் திருப்பின. பிள்ளைக்குப் பிள்ளை வாசல் வேறு.

—

தாமரைக்குளம்
செப்டம்பர் 27, மதியம் 1.10

பட்டறைத் தம்பி, வருகிற ஞாயிறு அனுப்புகிறேன். “காயில் கட்டுறதைப் பார்க்கலாமா”ன்னு கேட்டதும் உடனே சரி என்றான். குரூப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை.

—

வெண்ணாற்றங்கரை டீச்சர்
அக்டோபர் 12, இரவு 9.15

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்து வாரமாகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போது எங்கள் பக்கம் குறுவை அறுப்பு. வீட்டுக்கு வீடு ஈரப்பதப் பேச்சுதான். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை எடுப்பார்கள். வகுப்பில் ஒரு கணக்குக் கேட்டேன்: நூறு கிலோ நெல்லில் ஈரம் 20 சதவீதம். 17-க்குக் கொண்டுவர எத்தனை கிலோ தண்ணீர் போக வேண்டும்? முப்பத்தாறு பேரும் மூன்று கிலோ என்றார்கள். சரி, மீதி 97 கிலோவில் 17 சதவீதம் எவ்வளவு என்று போடச் சொன்னேன். 16.49. ஆனால் மீதம் இருக்கும் தண்ணீர் 17 கிலோ. பொருந்தவில்லை. அரை மணி நேரம் ஒரே சத்தம். கடைசியில் ஒரு பெண் சொன்னாள்: “டீச்சர், ஈரம் போக மீதி நெல்லு 80 கிலோ, அது மாறவே மாறாது. அதைப் புடிச்சுக்கணும்.” 80 கிலோ என்பது 83 சதவீதமாக இருக்க வேண்டும். மொத்தம் 96.4 கிலோ. போக வேண்டியது 3.6 கிலோ. கரும்பலகை ஐயா, நீங்கள் சொன்னதை மனதில் வைத்துத்தான் கணக்கை ஒளிக்காமல் முதலிலேயே வைத்தேன்.

மறுநாள் ஆளுக்கொரு பிடி நெல் கொண்டுவந்தார்கள். கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்றை நான் வாங்கிப் போனேன். நெல்லை மிக்சியில் பொடித்து, ஐம்பது கிராம் எடுத்து, வாணலி மணல் சூட்டில் டப்பாவை வைத்து, எடை குறைவது நிற்கும் வரை பொறுமையாகக் காயவைத்தோம். அதிகச் சூடு கொடுத்தால் நெல் கருகி, அந்த எடை இழப்பையும் ஈரம் என்று எண்ணிவிடுவோம். முதல் டப்பா அப்படித்தான் வீணானது, வாசனையிலேயே தெரிந்தது.

“எதுக்கு டீச்சர்” என்று கேட்டவன் இரண்டு பொட்டலம் கொண்டுவந்திருந்தான். அவர்கள் வீட்டுக் குவியலின் மேலிருந்து ஒன்று, முழங்கை வரை கையை உள்ளே விட்டு எடுத்தது ஒன்று. மேல் நெல் 16. உள் நெல் 21. எண்ணைப் பார்த்தவன் ஒன்றும் பேசவில்லை. மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடினான். அன்று சாயங்காலம் குவியலைக் கலைத்துப் பரப்பி, இரண்டு நாள் கிளறிக் காயவைத்துத்தான் கொண்டுபோனார்களாம். மறுநாள் வந்து என்னிடம் சொன்னான்: “எப்படிடா தெரியும்னு எங்க அப்பா கேட்டாரு டீச்சர். நோட்டைக் காட்டினேன். ரெண்டு தடவ பார்த்தாரு.”

கொள்முதல் நிலைய மிஷினில் வந்த எண்ணும் எங்கள் எண்ணும் ஒன்றாக இல்லை, ஒன்று வித்தியாசம். அதற்காக அவன் வருத்தப்பட்டான். மிஷின் நெல்லின் மின் தன்மையை வைத்து ஈரத்தைக் கணிக்கிறது, நாம் எடையை வைத்து அளந்தோம், நம் வாணலிக்குச் சூட்டுக் கட்டுப்பாடும் இல்லை என்று சொன்னேன். இன்னும் நான்கு தடவை செய்து பார்க்கப் போகிறானாம்.

—

கடைமடைக்காரன்
அக்டோபர் 12, இரவு 9.50

டீச்சர், படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தத் தம்பியிடம் என் போர் தண்ணீரைக் கொடுத்து எவ்வளவு உப்பு என்று அளக்கச் சொல்ல முடியுமா?

—

வெண்ணாற்றங்கரை டீச்சர்
அக்டோபர் 26, மாலை 6.30

உங்கள் கேள்வியைக் கரும்பலகையில் அப்படியே எழுதிப் போட்டேன். பாய்மங்கள் பாடத்தில் நீர்மமானி இருக்கிறது, மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் கருவி, அதைச் செய்யலாம் என்று ஆரம்பித்தார்கள். இளநீர் உறிஞ்சும் ஸ்ட்ராவின் அடியில் களிமண் அடைத்து, ஆற்றுத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கோடு போட்டார்கள். கடல் நீர் அளவுக்கு, ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் ஸ்ட்ரா மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் எழும்பியது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் அந்த உப்புத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு எடுத்து, ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் கலந்து மிதக்கவிட்டோம். கோடு அசையவே இல்லை. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது, கருவிக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் அந்த “எதுக்கு டீச்சர்” பையன்தான் வந்தான். “ஸ்ட்ரா பெருசா இருக்கு டீச்சர். கீழ குண்டா ஒரு பாட்டில், மேல ரீபிள் மாதிரி ஒல்லியா இருந்தா, கொஞ்சம் எழும்பினாலும் நிறைய தெரியும்ல?” சின்ன மருந்து பாட்டிலின் மூடியில் ரீபிள் குழாயைச் செருகி, மெழுகு வைத்து அடைத்து, உள்ளே மணல் போட்டு எடை சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்று வரை மூன்று தடவை கவிழ்ந்தது. கொள்ளளவையும் குழாயின் பரப்பையும் வைத்து எத்தனை மில்லிமீட்டர் எழும்ப வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள் என்றேன். ஏழு என்று போட்டிருக்கிறான். வருகிறதா பார்க்க வேண்டும்.

—

பட்டறை
அக்டோபர் 26, இரவு 8.05

டீச்சர், என்னிடம் பழைய மல்டிமீட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. உப்புக் கூடினால் தண்ணீரில் கரண்ட் சுலபமாகப் போகும். ஒரே அளவு டம்ளரில் இரண்டு கம்பியை ஒரே இடைவெளியில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைமடை அண்ணனின் மண் அட்டையில் இருந்த மின்கடத்துத் திறன் இதுதான். பையன்களுடைய பாட்டில் சொல்லும் எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். தாமரைக்குளம் அக்கா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன், இப்போது வாராவாரம் வருகிறான்.

—

கடைமடைக்காரன்
அக்டோபர் 26, இரவு 8.40

மூன்று பாட்டில் தயார். ஒன்று பழைய போர், ஒன்று ஆழப்படுத்தியது, ஒன்று மணலில் தோண்டிய ஊற்று. எது எது என்று மேலே எழுதவில்லை, அவர்களே அளந்து சொல்லட்டும். அந்தப் பழைய மண் அட்டையையும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துவிட்டேன். ஓரம் அரித்திருக்கிறது, எண் தெரிகிறது. சனிக்கிழமை காலையில் நானே நேரில் கொண்டுவருகிறேன்.